ஆளுக்கேற்ற ரயில் பெட்டி

பொம்மைச் சிப்பாயைப் பொம்மை ரயில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சில நேரம் பெட்டியை விட ஆள் உயரமாக இருப்பார். எல்லாம் அளவு விகிதம் செய்யும் வேலை.

வானொலி நிலையத்தில் பேசி முடித்து வீடு திரும்பினால் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. ‘எச்ஓ’ ரயில் 1:87. அசலில் 87இல் ஒரு பங்கு. சிறிய பிளாஸ்டிக் வீரர்கள் பலர் 1:72. அவர்களுக்கு 1:76 அளவிலுள்ள பிரிட்டிஷ் ‘ஓஓ’ ரயிலே நெருக்கம். 54 மில்லிமீட்டர் வீரர்களுக்கு 1:32 வேண்டும். சந்தேகம் வந்தால் பெருக்கிப் பாருங்கள்: 54ஐ 32ஆல் பெருக்கினால் 1,728 மில்லிமீட்டர். நம் உயரம்தான்!

இப்போது நான் செய்வது சயாம் மரண ரயில். 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. நம் கேடிஎம் போலவே தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். 1:32இல் அது 31 மில்லிமீட்டர் சொச்சம். 32 மில்லிமீட்டர் ‘ஓ’ தண்டவாளம் கச்சிதம். ஆனால் ‘ஓ’ பெட்டிகள் இந்த ஆட்களுக்குச் சிறியவை. ஆகவே சக்கரத்தை வாங்கி, பெட்டியை அட்டையில் நானே வெட்டுகிறேன்.

ரயில் பொருந்திவிட்டது, ஆட்கள்தான் இல்லை. நான் தேடிய கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் படைவீரர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் கிடைக்கவில்லை. அதனால் துப்பாக்கியை வெட்டி மண்வெட்டி கொடுக்கிறேன். தொப்பியைச் சுரண்டித் தலைப்பாகை கட்டுகிறேன். பதினொரு பேர் தயார்.

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது சயாமுக்குப் போயிருக்கலாம். பெரியவர்களிடம் இன்றே கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.