காதால் படிக்கும் விண்ணப்பம்

"எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க்."

பார்வையற்ற ஒருவர் ஏதோ ஒரு சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால் பல நேரம் காதில் விழுவது இதுதான். எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அது காலியாக இருக்கிறது என்கிறது கணினி. பெயருக்கா, தந்தை பெயருக்கா, ஆதார் எண்ணுக்கா? அதைச் சொல்வதில்லை. பார்ப்பவருக்குக் குழப்பமே இல்லை. கட்டத்தின் பக்கத்திலேயே 'தந்தை பெயர்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் இந்தக் கட்டத்துக்கு உரியது என்று பக்கத்தை உருவாக்கியவர் நிரலில் குறிக்கவில்லை. 'லேபிள்' என்று ஒரு வரி எழுதிக் கட்டத்தோடு இணைத்திருந்தால் "தந்தை பெயர், எடிட்" என்று கேட்டிருக்கும். ஒரே ஒரு வரி.

இப்படிப் பேசும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். கணினியில் பலரும் பயன்படுத்தும் என்விடிஏ இலவசமானது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கியது.

திரைவாசிப்பான் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. பக்கம் திறந்ததும் உலாவி அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பற்றி உள்ளுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது: இது என்ன, இதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. "சமர்ப்பி, பொத்தான்." "ஒப்புக்கொள்கிறேன், டிக் பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை." வாசிப்பான் அந்தப் பட்டியலைத்தான் பேசுகிறது. வண்ணம் பூசிய வெறும் கட்டத்தைப் பொத்தான்போல வரைந்து வைத்தால் பட்டியலில் அது பொத்தானாக ஏறாது. டேப் விசை அதில் நிற்காமல் தாண்டிவிடும். தலைப்புகளும் அப்படித்தான். என்விடிஏவில் 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். நாம் கண்ணால் பக்கத்தை மேய்வதை அவர்கள் விரலால் செய்கிறார்கள். எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால் தாவ இடமில்லை. முதல் வரியிலிருந்து முழுப் பக்கத்தையும் கேட்டுத் தீர்க்க வேண்டும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று நிரலில் குறிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவிட்டால் ஆங்கிலக் குரல் வந்து நிற்கும். சில குரல்கள் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் படித்துக்கொண்டு போகும். பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இன்னும் மோசம். அப்படிப்பட்ட பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் சேர்வது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் தமிழாகத் தெரிவது காதில் அந்த எழுத்துகளாகவே விழும். யூனிகோடில் அடித்ததையும் அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் படம். மூன்று பக்க ஆணையைத் திறந்தவருக்கு ஒரு சொல்கூடக் கேட்காது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிவத்தைத் தானே நிரப்ப முடியாதவர் பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல், போனுக்கு வரும் ஓடிபி எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவரிடம், பக்கத்தில் நாலு பேர் நிற்க, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர்.

தளத்தைத் திருத்தச் செலவாகும், நாளாகும் என்ற பதில் பழையது. 1999-இல் சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைப் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவைர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். திருத்த ஓராண்டுக்கு மேலாகும் என்றது அமைப்புக் குழு. சில வாரங்கள் போதும் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். ஆணையம் மகுவைர் பக்கம் தீர்ப்பளித்தது. முழுதாகத் திருத்தாத குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுத் தளங்களுக்கான விதிமுறைகள் 2009-இலேயே வந்துவிட்டன. அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூனும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், எண்ணிமச் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பல தளங்களின் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் வைத்திருக்கிறார்கள். மங்கலாகத் தெரிபவருக்கு அது உதவும். பார்வையே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. அவருக்கு வேண்டியது, தளத்தைத் திறந்துவிடும் முன் அவரைப் போன்ற ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிவரை நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

அந்தக் கடைசிவரை என்பது முக்கியம். எல்லாக் கட்டமும் நிரப்பி, கட்டணமும் கட்டி, 'சமர்ப்பி'யை அழுத்துகிறார். 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று திரையில் பச்சையாக வருகிறது. காதில் ஒன்றும் கேட்கவில்லை. போனதா, போகவில்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்துகிறார். அந்தச் செய்தியை நிலை அறிவிப்பு என்று நிரலில் குறித்திருந்தால், வந்த நொடியே விண்ணப்ப எண்ணோடு ஒலித்திருக்கும்.