கணக்குச் சரி, முடிவு பிழை!

உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் சுகாதார ஆய்வுக்கென ஓர் உத்தியோகத்தர் வரக்கூடும். எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளை பிறந்தபோது நிறை என்ன, எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீர்கள், குடிநீர் எங்கிருந்து பெறுகிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்பார். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு நீங்கள் சொன்ன பதில்கள் பின்னர் எங்கே போகின்றன? அவை எப்படி 'நூற்றுக்கு இத்தனை வீதம்' என்று பத்திரிகைச் செய்தியாகின்றன?

நமது நாட்டில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் சனத்தொகை, சுகாதார ஆய்வு இத்தகையது. 1987ஆம் ஆண்டு ஆய்வில் 5,865 பெண்கள் பதிலளித்தனர். 2016இல் அந்தத் தொகை 18,302 ஆகியது. நாட்டின் எல்லா வீடுகளையும் தட்ட முடியாது. ஆகவே முதலில் சில குடிமனைத் தொகுதிகளையும், அவற்றுள் சில வீடுகளையும் எழுமாற்றாகத் தெரிவு செய்கிறார்கள். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். பெரிய மாவட்டம் ஒன்றில் 10 இலட்சம் பெண்கள், சிறிய மாவட்டத்தில் 1 இலட்சம் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய மாவட்டத்தின் நிலையையும் தனியே அறிய வேண்டும் என்பதற்காக இரண்டிலும் 500 பேர் வீதம் விசாரிக்கிறார்கள். பெரியதில் 10 வீதமானோருக்கும் சிறியதில் 30 வீதமானோருக்கும் இரத்தச்சோகை காணப்படுகிறது. பதில்களை ஒன்றாகக் கொட்டிக் கூட்டினால் 20 வீதம் என்று விடை வரும். கூட்டல் சரி, விடை பிழை. பெரிய மாவட்டத்தில் பதில் சொன்ன ஒருத்தி 2,000 பேருக்காகப் பேசுகிறாள். சிறியதில் ஒருத்தி 200 பேருக்காகப் பேசுகிறாள். இந்த நிறையைக் கொடுத்துக் கணித்தால் விடை ஏறத்தாழ 11.8 வீதம்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒழுங்கையில் வசிப்போர் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள். அவர்களுடைய பதில்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எனவே அடுத்தடுத்த வீடுகளில் 1,000 பேரைக் கேட்டாலும், தனித்தனியே தெரிவு செய்த 500 பேரைக் கேட்ட அளவுக்கே அது பெறுமதியாகலாம். இதனைக் கவனியாதவர் தம் விடையில் அளவுக்கு மீறிய உறுதி கொள்வார்.

இவற்றையெல்லாம் கணிப்பதற்கு எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, சாஸ், ஆர் போன்ற கணினி மென்பொருட்கள் இருக்கின்றன. இவற்றுள் 'ஆர்' நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. இத்தகைய ஆய்வுகளுக்கென்றே தோமஸ் லம்லி என்பவர் அதில் 'சர்வே' என்ற பகுதியை ஆக்கியுள்ளார். எந்த மென்பொருளாயினும் மூன்று விடயங்களை நாம் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ஒவ்வொருவரின் நிறை என்ன, அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், எந்தக் குடிமனைத் தொகுதியிலிருந்து வந்தவர். சொல்லாவிட்டால் கணினி முறைப்படாது. பிழையான விடையையும் அழகான அட்டவணையாகவே தந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பிள்ளைகள் இங்கே இரண்டு இடங்களில் இடறுவதுண்டு. 'தெரியாது' என்ற பதிலை 98 என்றும், பதில் இல்லாததை 99 என்றும் பதிந்திருப்பார்கள். அதைக் கணினிக்கு அறிவிக்காமல் சராசரி எடுத்தால், தாய்ப்பால் கொடுத்த மாதங்களோடு 99 மாதமும் சேர்ந்துவிடும்! அடுத்தது, பெருந்தோட்டப் பெண்களை மட்டும் ஆராய விரும்பி மற்றவர்களின் பதிவுகளை அழித்துவிடுவது. அழித்தால் ஆய்வின் அமைப்பே குலைந்து, வழுவின் அளவு பிழைத்துப் போகலாம். முழுப் பதிவையும் வைத்துக்கொண்டே, 'இந்தக் குழுவுக்கு மட்டும் விடை தா' என்று கேட்பதே முறை.

ஆனால் எந்த மென்பொருளாலும் ஈடுசெய்ய முடியாத குறை ஒன்றுண்டு. யுத்தம் காரணமாக 1993, 2000 ஆண்டுகளின் ஆய்வுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. 2006-07இல் கிழக்கு சேர்ந்தது. வடக்கு அப்போதும் இல்லை. 2016இல்தான் 25 மாவட்டங்களும் இடம்பெற்றன. அப்படியாயின், 2000ஆம் ஆண்டின் 'இலங்கைச் சராசரி'யில் மட்டக்களப்புத் தாயும் இல்லை, மூதூர்க் குழந்தையும் இல்லை. அந்த ஆண்டையும் 2016ஐயும் பக்கத்தில் வைத்து 'கூடியது, குறைந்தது' என்று பேசுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். கேட்கப்படாதவருக்கு நிறை கொடுக்க எந்தக் கணினியாலும் இயலாது.

ஆகவே, அடுத்த முறை ஒரு வீதக் கணக்கைப் பத்திரிகையில் காணும்போது நீங்களும் கேளுங்கள்: யாரைக் கேட்டார்கள்? எந்த ஊர்கள் விடுபட்டன? நிறை கொடுத்தார்களா? உங்கள் வாசலுக்கு அந்த உத்தியோகத்தர் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் பதில் உங்களுடையது மட்டுமல்ல. உங்களைப் போன்ற பல நூறு தாய்மாரின் அமானிதமும் அதில் இருக்கிறது.