அச்சமும் அமைதியும்

மக்களாய்ப் பிறந்தார் எவர்க்கும் அச்சமும் கவலையும் உண்டு. கற்றார்க்கும் கல்லார்க்கும், செல்வர்க்கும் வறியார்க்கும் அவை பொதுவானவை. அச்சமாவது கண்முன் நிற்கும் இடரைக் கண்டு உள்ளம் நடுங்குதல். கவலையாவது இன்னும் வாராத இடரை வந்ததாகவே எண்ணி உள்ளம் தேய்தல். பாம்பைக் கண்டு பின்வாங்குதல் முன்னது. பாம்பு இருக்குமோவென்று இரவெல்லாம் விழித்திருத்தல் பின்னது. இவ்விரண்டும் அறவே ஒழிந்த நிலையே மன அமைதியெனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துவதன்று. அச்சமே இல்லாத உள்ளம் உலகில் இல்லை. அச்சம் எழுங்கால் ஓடாது நின்று, அதனை இன்னதென்று கண்டு, அதன் விசையைப் பயன்படும் வழியிற் செலுத்தும் ஆற்றலே அமைதி என்பது. இவ்வுண்மையைக் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் அதனையடுத்த கல்வராயன் மலையிலும் நிகழ்ந்த சில செய்திகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு கூறு. அதன்மேற் பெருமழை பெய்யுமாயின் ஓடைகளெல்லாம் ஒருங்கே பெருகிச் சரிவுகளில் விரைந்து இறங்கும். அந்நீரை மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்திற்கு அருகிற் கோமுகி அணை தேக்குகின்றது. அணையைக் கட்டியோர் மழையை நிறுத்த முயன்றாரல்லர். மழையின்றி வயல் ஏது? வரும் நீரை ஏற்று, நிறுத்தி, மதகின் வழியே அளந்து விட்டனர். அவ்வளவே அவர் செய்தது. வெள்ளமாய் வந்தது பாசனமாய் மாறிற்று. மனத்தில் எழும் அச்சத்தினிடத்தும் நாம் செய்யத்தக்கது இதுவேயாம்.

அச்சம் எழுங்கால் உடலில் நிகழ்வன யாவை? ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்தில் உடலியற் பேராசிரியராயிருந்த வால்டர் கானன் என்பார் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உணவுண்ட பூனையின் இரைப்பை அசைவை எக்ஸ் கதிர் கொண்டு நோக்கிவந்த அவர், பூனை கலக்கமுற்ற அளவிலே அவ்வசைவு நின்றுவிடுவதைக் கண்டார். பின்னர் ஆராய்ந்து அதன் காரணத்தையும் கூறினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள இரு சிறு சுரப்பிகள் அச்சக் காலத்தில் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. உடனே நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, குருதி இரைப்பையை விட்டுக் கைகால்களின் தசைகளுக்குச் செல்கின்றது. எதிர்த்துப் போரிடவோ தப்பியோடவோ உடல் தன்னைத் தானே ஆயத்தப்படுத்திக்கொள்ளும் முறை இது.

காட்டில் விலங்கை எதிர்ப்பட்டவனுக்கு இவ்வேற்பாடு உயிர்காக்கும் துணை. பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நிற்கும் மாணாக்கனுக்கோ போரிடுதற்கும் ஆளில்லை, ஓடுதற்கும் இடமில்லை. ஆயினும் உடல் அவ்வேறுபாட்டை அறியாது. நெஞ்சு படபடக்கின்றது, நா வறள்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, வயிறு கலங்குகின்றது. இவற்றைக் கண்ட மாணாக்கன், “எனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது, படித்ததெல்லாம் மறந்துவிட்டது” என்று அச்சத்தைக் கண்டே மீண்டும் அஞ்சுகின்றான். ஓரச்சம் ஈரச்சமாகின்றது. இது நோயன்று, உடல் எனக்குத் துணைசெய்யப் புறப்பட்ட அடையாளமே என்று தெளிந்தவனுக்கு இரண்டாம் அச்சம் எழுவதில்லை. தெளிவே பாதி மருந்து என்க.

அச்சம் ஓரளவிற்கு வேண்டப்படுவதும் ஆகும். 1908-ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் அறிஞர் இருவர் சுண்டெலிகளைப் பழக்கிச் செய்த சோதனையில், கடினமான பாடத்தை அவை விரைந்து கற்றது தூண்டுதல் மிதமாயிருந்தபோதே எனக் கண்டனர். தூண்டுதல் குறைந்தவிடத்தும் மிகுந்தவிடத்தும் கல்வி தாழ்ந்தது. பரீட்சையைப்பற்றி ஒரு சிறிதும் கவலாதவன் புத்தகத்தைத் திறப்பதில்லை. அளவிறந்து கவல்பவன் திறந்த பக்கத்தைத் தாண்டுவதில்லை.

நிற்க, அச்சம் அளவு கடந்து வளர்தற்குக் காரணம் யாது? பெரும்பாலும் அதற்குப் புறங்காட்டி ஓடுதலே. வகுப்பில் எழுந்து பேச அஞ்சும் மாணாக்கன் ஒருநாள் பேசாமலே தப்பிவிடுகின்றான். அப்போது அவன் உள்ளத்திற்கு ஓர் ஆறுதல் பிறக்கின்றது. அவ்வாறுதலே அவனுக்குப் பகையாகின்றது. “தப்பியதனாலன்றோ பிழைத்தேன்” என்று மனம் பாடம் கற்றுக்கொள்கின்றது. மறுமுறை அச்சம் இருமடங்காய் வரும். இங்ஙனம் ஒவ்வொரு தப்புதலும் அடுத்த அச்சத்திற்கு எருவாகின்றது.

ஓடும் வழிகளுள் மிகக் கொடியது மதுவின் வழி. மது மூளையின் வேகத்தைச் சிறிது பொழுது தணிப்பதனால் அமைதி வந்ததுபோலத் தோன்றும். அதன் ஆற்றல் நீங்கியதும் அடங்கிக் கிடந்த மூளை முன்னினும் மிகுதியாய்க் கிளர்கின்றது, கை நடுங்குகின்றது, உறக்கம் கெடுகின்றது, கவலை பெருகுகின்றது. அதனைத் தணிக்க மீண்டும் மது வேண்டப்படுகின்றது. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’க்கென ஓரதிகாரமே வகுத்தமை சிந்திக்கத்தக்கது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சி நகரில், கருணாபுரத்தைச் சூழ்ந்த பகுதியில் விற்கப்பட்ட கள்ளச்சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அதிற் கலந்திருந்த மெதனால் என்னும் நஞ்சு உடலினுட் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பையும் உயிரையும் ஒருங்கே தாக்கவல்லது. மாண்டோருட் பலர் அன்றாடம் கூலிக்குழைக்கும் எளியோர். அவரை இகழ்தல் நமக்கு அழகன்று. நாள்முழுதும் உழைத்த உடலின் நோவும், நாளைப்பாட்டைப் பற்றிய கவலையும் தணிய எளிதிற் கிடைத்ததொன்றை நாடுவார் எவ்வூரிலும் உளர். அவர்க்கு வேறு வழி காட்டப்படவில்லை என்பதே நாம் நாணத்தக்கது.

ஓடாது நின்றவர் ஒருவரின் வரலாற்றையும் இம்மாவட்டத்துத் திருக்கோவலூர் அறியும். 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மதுரையில், அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றுவந்த வேங்கடராமன் என்னும் பதினாறாண்டு இளைஞர், தம் சிறிய தந்தையார் இல்லத்தில் தனித்திருந்தார். உடலில் நோய் ஏதுமில்லை. எனினும் திடீரென மரண பயம் அவரைப் பற்றியது. அவர் மருத்துவரை அழைக்கவில்லை, வெளியே ஓடவுமில்லை. மரணம் என்பது யாதென்று காண்போமெனத் துணிந்து, பிணம்போற் கைகால்களை நீட்டிப் படுத்து, மூச்சையும் அடக்கி, “இவ்வுடல் இறந்தால் நான் இறந்தேனோ?” என்று தம்முள்ளே ஆராய்ந்தார். அதன்பின் அவ்வச்சம் அவரை அணுகவில்லை. ஆகஸ்டு மாத இறுதியில் அவர் மதுரையை விட்டு நீங்கி, மாம்பழப்பட்டு வரையிற் புகைவண்டியிலும், அங்கிருந்து நடந்தும் அரகண்டநல்லூரையும் ஆற்றின் மறுகரையிலுள்ள கீழூரையும் அடைந்தார். பசியால் மயங்கிய அவருக்கு அவ்வூரார் உணவளித்தனர். தம் கடுக்கன்களை ஈடுவைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் முதல் நாளில் திருவண்ணாமலை சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் ரமண மகரிஷி எனப் போற்றப்பட்டவர்.

அவர்தம் சமயக் கொள்கையை ஆராய்தல் நம் கருத்தன்று. அச்சத்தை நேர்நின்று நோக்கினால் அது தன் வடிவத்தை இழக்கின்றது என்பதொன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது. ஆனால் எல்லோரும் ஒரே பொழுதில் அவ்வாறு நிற்றல் இயலாது. எளியோர்க்கு ஏற்ற முறை படிப்படியாய் அணுகுவதேயாம். 1924-ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் இதனை ஒரு குழந்தையிடத்திற் காட்டினார். முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்னும் சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூண்டிலுள்ள முயலை அறையின் கோடியில் வைப்பித்தார். பின்னர்ச் சிறிது சிறிதாய் அண்மையிற் கொணர்ந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தடவி விளையாடலானான். முயல் மாறவில்லை, குழந்தையின் உள்ளமே மாறியது.

இம்முறையை நம் மாணாக்கர் எளிதிற் கைக்கொள்ளலாம். அவையிற் பேச அஞ்சுவோன் முதலில் தனியறையிற் படிக்க. பின்னர் ஒரு நண்பன் முன்னர். அதன்பின் நால்வர் முன்னர். பிறகு வகுப்பில் ஒரு வினா எழுப்புக. கல்வராயன் மலையின் உறைவிடப் பள்ளியிற் பயின்று, தன் குடும்பத்தில் முதன்முதலாய்க் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவனுக்கு நகரமும் அதன் பேச்சும் புதியன; அவனுக்கு இப்படிகள் பெரிதும் உதவும். ஒரு படியில் நெஞ்சின் படபடப்புத் தணியும்வரை நின்று, பின்னரே அடுத்ததில் அடிவைத்தல் வேண்டும். இடையில் இறங்கி ஓடுதல் கூடாது.

அங்ஙனம் நிற்கும் பொழுதில் உடலுக்குத் துணையாவது மூச்சு. நெஞ்சின் துடிப்பை நாம் ஏவி நிறுத்த முடியாது. மூச்சையோ விரும்பியவாறு செலுத்தலாம். மூச்சு வெளிச்செல்லும்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியே நெஞ்சின் வேகம் சற்றுத் தணிகின்றது. ஆதலின், நான்கு எண்ணும்வரை மெல்ல உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுக. ஐந்து நிமிடம் இவ்வாறு செய்யின் மாற்றம் தெரியும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை வேறொன்று: கை, தோள், முகம், கால் என்னும் உறுப்புகளின் தசைகளை ஒவ்வொன்றாய் இறுக்கிப் பின் தளர்த்துதல். இவற்றைப் பரீட்சை நாளன்று புதிதாய்த் தொடங்கிப் பயனில்லை. வெள்ளம் வந்தபின் அணை கட்டுவார் இலர் அன்றோ?

இன்னொரு துணை பிறரோடு பகிர்தல். திருக்கோவலூரைப்பற்றி வைணவ மரபிற் கூறப்படும் வரலாறொன்றுண்டு. மழையிரவில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியிற் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்க, ஒருவர் படுக்கக்கூடிய அவ்விடத்தில் இருவர் அமர்ந்தனர். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றனர். அந்நெருக்கத்திலேதான் அவர்கள் தெய்வத்தின் வரவை உணர்ந்து பாடினர் என்பது மரபு. இடம் சிறிதென்று முன்னவர் கதவடைத்திருப்பின் அவ்விரவு இருளோடும் மழையோடுமே கழிந்திருக்கும். நம் கவலையும் ஒரு குறுகிய இடைகழி போன்றது. அதனுள் ஒருவனாய்க் கிடப்பவனுக்குச் சுவர்களே தெரிகின்றன. நம்பத்தக்க ஒருவரை உள்ளே வரவிடுவானாயின் அவ்விடத்திற்றானே வெளிச்சம் பிறக்கும். விடுதியில் உடனுறையும் தோழர் இதனைச் செய்தல் எளிது. அறிவுரை கூறாது கேட்டிருத்தலே பெரும்பாலும் போதும்.

இனி, எல்லாக் கவலைக்கும் மருந்து மனத்தினுள்ளேயே உளதென்று கூறின் அது பெரும்பிழையாகும். கல்வராயன் மலை மக்கள் நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தின்கீழ் வாழ்ந்தனர். நாடெங்கும் ஜமீன்கள் ஒழிந்த பின்னும், அங்குக் கூலியில்லா உழைப்புத் தொடர்ந்தது. 1976-ஆம் ஆண்டிலேயே அரசு அந்நிலங்களை ஏற்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அவ்வாண்டில் நிறைவேறியது. தான் உழும் நிலம் தனதன்று என்னும் கவலையால் உறங்காத உழவனிடம் மூச்சுப்பயிற்சியைக் கூறுதல் எள்ளலாகும். அவனுக்கு வேண்டுவது பட்டா. சாராயத் துயரத்திற்குப் பின்னர், 2024-ஆம் ஆண்டில், சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கைநிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் கல்வியும் பிழைப்பும் மன அமைதியோடு தொடர்புடையன என்பதனை இது உணர்த்தும். ஆகவே கவலை எழும்போது, “இதன் காரணம் என்னுள் உளதா, வெளியில் உளதா? என்னால் மாற்றத்தக்கதா, அன்றா?” என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் நன்று. மாற்றத்தக்கதை மாற்றுதற்குரிய முதற்செயலை அன்றே தொடங்குக. பலர் கூடி மாற்றவேண்டுவதாயின் பலரோடு கூடுக.

சிலர்க்குக் கவலை இம்முறைகளால் அடங்காது வாரக்கணக்கில் நீளும். உறக்கமும் உணவும் கெடும். படிப்பிலும் தொழிலிலும் மனம் செல்லாது. வாழ்வே வேண்டாவென்னும் எண்ணமும் தலைகாட்டும். அந்நிலை மருத்துவரை நாடவேண்டிய நிலை. கால் முறிந்தவன் வைத்தியனிடம் செல்ல நாணுவதில்லை. மனம் வருந்துபவன் நாணுதற்கும் காரணமில்லை. கள்ளக்குறிச்சியில் 2022-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பெறலாம், தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை விடுதிச் சுவரில் எழுதிவைத்தல் நலம்.

மாணாக்கரே! வள்ளுவர் ‘இடுக்கணழியாமை’ என்று அதிகாரத்திற்குப் பெயரிட்டார். ‘இடுக்கணின்மை’ என்று பெயரிட்டாரல்லர். இடுக்கண் வரும் என்பதனை அவர் மறுக்கவில்லை. வந்தவிடத்து அழியாதிருத்தலையே கற்பித்தார். உங்கள் முன்னும் பரீட்சைகள் வரும். வேலை கிடையாத நாட்கள் வரும். இல்லத்தில் நோயும் பிரிவும் வரும். அப்போது நெஞ்சு படபடக்குமாயின் அதற்கு நாணாதீர். மூச்சை நீள விடுங்கள், அஞ்சியதை நோக்கி ஓரடி வையுங்கள், அருகிலிருப்பவரை அழையுங்கள். உங்கள் அருகில் ஒருவர் அவ்வாறு கலங்கி நிற்கக் கண்டால், கேளாமலே சென்று அவர் பக்கத்தில் அமருங்கள்.