தைலமரத்தைக் காக்க வந்த கடுகளவு குளவி... முதல் வேலை ஏன் பெயர் வைப்பது?

ஓசூரில் இருந்து தளி, பாகலூர் பக்கம் பைக்கில் போனால், வழியில் தைலமரங்கள் கண்ணில் படும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால், அதே மரத்துக்குக் கன்னடத்தில் ‘நீலகிரி’ என்று பெயர். காகித ஆலைக்குக் கூழ், கட்டட வேலைக்குச் சாரக்கம்பு, அடுப்புக்கு விறகு என எல்லாவற்றுக்கும் ஆகும் மரம். ஆடு, மாடு கடிக்காது; வெட்டினாலும் துளிர்க்கும். ‘நட்டுவிட்டால் போதும், பெரிசா செலவு இல்லை’ என்று நம்பி நட்டவர்கள் ஏராளம்.

அந்த நம்பிக்கையை 2001-ல் கர்நாடகாவின் மாண்டியா பகுதியில் ஒரு பூச்சி அசைத்துப் பார்த்தது. பிறகு தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் அதே பிரச்சினை.

என்ன பூச்சி அது?

பெயர் லெப்டோசைபே இன்வேசா. நீளம் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான். நம்மைக் கொட்டும் குளவி இல்லை. புதுத் துளிரின் நடு நரம்பிலும் காம்பிலும் முட்டை வைக்கும். அந்த இடம் வீங்கி, முடிச்சு முடிச்சாக ஆகிவிடும். முட்டையில் இருந்து வரும் புழு அந்த முடிச்சுக்குள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாக மாறித் துளை போட்டு வெளியே வரும்.

வளர்ந்த மரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நாற்றுகளும் சின்ன கன்றுகளும்தான் பாவம். இலை சுருண்டு, வளர்ச்சி நின்றுவிடும். இதில் இன்னொரு சிக்கல், இந்தக் குளவிக்கு ஆண் துணையே தேவையில்லை. பெண் மட்டுமே இருந்தாலும் இனம் பெருகும். ஆக, எங்கோ இருந்து ஒரு நாற்றில் ஒட்டிக்கொண்டு நாலைந்து வந்தாலே போதும்.

மருந்து அடித்தால் போகாதா?

கஷ்டம். புழு முடிச்சுக்குள் இருக்கிறது, அடிக்கும் மருந்து மேலே வழிந்துவிடும். தவிர, உயரமான மரங்கள் நிற்கும் ஏக்கர் கணக்கான தோப்புக்கு யார் மருந்து அடிப்பது? மரம் விற்று வரும் காசு மருந்துக்கே போய்விடும்.

முள்ளை முள்ளால் எடுத்த கதை

தைலமரத்தின் தாய்வீடு ஆஸ்திரேலியா. இந்தப் பூச்சியின் பூர்வீகமும் அதுதான். ஆனால், அங்கே இது ஒரு பிரச்சினையே இல்லை. 2000-ல் மத்திய கிழக்கு நாடுகளில் மரங்களைத் தாக்கத் தொடங்கும் வரை, இப்படி ஒரு பூச்சி இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது. 2004-ல்தான் பெயரே வைத்தார்கள்.

சொந்த ஊரில் ஏன் அடங்கிக் கிடந்தது? காரணங்களில் முக்கியமானது, அங்கே அதற்கு எதிரிகள் உண்டு. அந்த எதிரிகளைத் தேடியபோது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்தவற்றில் ஒன்று, குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி. இதுவும் ஒரு பொடிக் குளவிதான். முடிச்சைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். அதில் இருந்து வரும் புழு, உள்ளே இருக்கும் பூச்சியின் புழுவைத் தின்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, மரத்தைத் தாக்கும் பூச்சி முழுதாக வளர நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. எதிரிக்கோ சுமார் 30 நாள்தான். அது ஒரு தலைமுறை முடிப்பதற்குள், இது நாலு தலைமுறை பார்த்துவிடும்.

2008-ல் இதற்குப் பெயர் சூட்டினார்கள். இஸ்ரேலில் இந்த ஆய்வை முன்னெடுத்த ஸ்வி மெண்டல் என்ற பூச்சியியலாளரின் பெயரால்தான் ‘மெண்டெலி’. பிறகு, பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள மையம் இந்தக் குளவியை இஸ்ரேலில் இருந்து வரவழைத்தது. ஓசூர்க்காரர்கள் தினமும் வேலைக்குப் போய் வரும் அதே ஊர்தான்.

இதற்கிடையே, இங்கேயே வேறு எதிரிகளும் கிடைத்தன. வட கர்நாடகாவின் தார்வாடில், முடிச்சுகளைச் சேகரித்து வைத்துப் பார்த்தபோது வெளியே வந்தது இன்னொரு ஒட்டுண்ணிக் குளவி. 2010-ல் அதற்கு மெகாஸ்டிக்மஸ் தார்வாடிகஸ் என்று பெயர் வைத்தவர்களில் ஒருவர், கேரளத்தின் புகழ்பெற்ற குளவி ஆய்வாளர் டி.சி. நரேந்திரன்.

பெயர் வைத்தால் என்ன ஆகிவிடும்?

இதுதான் பலர் கேட்கும் கேள்வி. ஒரு முடிச்சை டப்பாவில் போட்டு மூடி வைத்தால், அதில் இருந்து இரண்டு மூன்று வகைக் குளவிகள் வரலாம். ஒன்று மரத்தைக் கெடுப்பது, இன்னொன்று அதைக் கெடுப்பது. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆள் மாறினால், எதிரியை வளர்க்கிறோம் என்று நினைத்து, பூச்சியையே ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டுவிடுவோம்.

வெளிநாட்டில் இருந்து ஒரு உயிரை வரவழைக்கவும் அரசு அனுமதி வேண்டும். அது வேறு நல்ல பூச்சிகளைத் தொடாது என்று தனிமைப்படுத்திச் சோதிக்க வேண்டும். பெயர் தெரியாத ஒன்றுக்கு இது எதுவும் நடக்காது.

இந்த வழி நம்ம ஊரில் ஏற்கெனவே பலன் கொடுத்தது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது, பப்பாளியோடு சேர்த்து மல்பெரியும் அடி வாங்கியது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பட்டுக்கூடு நம்பி வாழும் குடும்பங்களுக்கு மல்பெரி இலை என்பது சோறு. மல்பெரியில் கண்டபடி மருந்தும் அடிக்க முடியாது, அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வந்த அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அது சாத்தியமானதற்குக் காரணம், வந்த பூச்சி எது, அதன் எதிரி யார் என்று முன்பே பதிவாகி இருந்தது.

தைலமரம் வேண்டுமா, வேண்டாமா?

அது தனி விவாதம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற புகாரால், கர்நாடக அரசு 2017-ல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை போட்டது. ஆனால், ஏற்கெனவே நட்டுவிட்டு, வெட்டுக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு அந்த மரம் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி.

தைலமரக் கன்றில் முடிச்சைப் பார்த்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அந்த மருந்து உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது. வெளியே முட்டை வைக்க வரும் நல்ல குளவியைத்தான் கொல்லும். முடிச்சுள்ள கிளையை ஒரு கவரில் போட்டு, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். முடிச்சு விழுந்த நாற்றை வேறு ஊருக்கு எடுத்துப்போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.