பாண்டிச்சேரி யாருக்கு? கீழூரில் 178 பேர் போட்ட ஓட்டு!

வீக்எண்ட் வந்தால் தாம்பரம், வண்டலூர் பக்கத்து பைக்குகள் பாண்டிச்சேரிக்குத் திரும்பிவிடும். பீச்சில் செல்ஃபி எடுக்கும் நம்மில் எத்தனை பேருக்கு, நகரத்துக்கு மேற்கே இருக்கும் கீழூரைத் தெரியும்? பாண்டிச்சேரி பிரான்ஸோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்று ஓட்டெடுப்பு நடந்த கிராமம் அது.

1954 அக்டோபர் 18. ஓட்டுரிமை பெற்றவர்கள் மொத்தமே 178 பேர். மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களும். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. சாதாரண ஜனங்கள் கையில் வாக்குச்சீட்டே இல்லை!

மக்களையே கேட்போம் என்று 1948-ல் பேசியிருந்தார்கள். வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949-ல் கேட்டார்கள். 7,463 பேர் இந்தியா என்றார்கள், 114 பேர் மறுத்தார்கள். பாண்டிச்சேரியில் மட்டும் ஏன் இல்லை? பிரெஞ்சு நிர்வாகத்தின் பிடியில் நடக்கும் ஓட்டெடுப்பு நேர்மையாக இருக்காது என்பது டெல்லியின் வாதம். கடைசியில் இரண்டு அரசுகளும் பேசி, பிரதிநிதிகளின் ஓட்டே போதும் என்று முடித்துக்கொண்டன.

அப்படியென்றால் எல்லாமே மேலிடத்து ஏற்பாடா? அதுவும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று பாண்டிச்சேரியில் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் திரட்டிய வ.சுப்பையாவின் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஜூனில் ஏனாம், ஜூலையில் மாஹே. கீழூரில் பெட்டி வைப்பதற்குள் பாதி முடிவு தெருவிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் அந்தத் தெருவுக்கும் மேலே இருந்து தள்ளுவிசை கிடைத்தது. எல்லையில் இந்திய அரசு கெடுபிடியை இறுக்கியது. அதுவரை பிரான்ஸ் பக்கம் நின்ற எதுவார் குபேர், 1954 மார்ச்சில் இணைப்புப் பக்கம் தாவினார். நாம் செல்ஃபி எடுக்கும் கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்!

ஸ்காட்லாந்தில் 2014-ல் வேறு கதை. தலைமைப் பிரசாரம் ஒருபக்கம் இருக்க, ஊருக்கு ஊர் முளைத்த குழுக்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. 16 வயதுக்காரர்களுக்கும் ஓட்டு, 84.6 சதவிகிதம் பதிவு. விடுதலை கேட்ட தரப்பு தோற்றது, ஆனால் தன்னைக் கேட்கவில்லை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

பாண்டிச்சேரிக்காரரைத் தனித்தனியாகக் கேட்டது 1962-ல். ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி முழுமையானது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள், பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் இன்றும் புதுச்சேரியில் வரிசையில் நின்று ஓட்டு போடுகிறார்கள்.