நாடி கிடைக்காத மனிதர்கள்

ஆக்ஸ்போர்டு, ஜூன் 2000. பீட்டர் ஹௌட்டனுக்கு வயது 61. இதயம் முற்றிலும் தளர்ந்துபோய், இனி அதிக நாள் தாங்காது என்று கைவிரிக்கப்பட்டவர். மாற்று இதயத்துக்கான பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. அறுவை மருத்துவர் ஸ்டீபன் வெஸ்டபி, கட்டைவிரல் அளவே இருந்த 'ஜார்விக் 2000' பம்பை அவருடைய இதயத்தின் இடது கீழறையில் பொருத்தினார். மின்கம்பி காதுக்குப் பின்னால், மண்டையோட்டில் திருகிய ஒரு முளை வழியே வெளியே வந்து பேட்டரிப் பையில் சேர்ந்தது. அந்தப் பையைச் சுமந்துகொண்டே ஹௌட்டன் நன்கொடை திரட்ட நெடுந்தூரம் நடந்தார், புத்தகம் எழுதினார், 2007 நவம்பர் வரை வாழ்ந்தார். ஏழரை ஆண்டு!

இவரைப் போன்றவர்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் நாடி கிடைக்காது. உள்ளே இருப்பது சுழலி. திறந்துவிட்ட குழாயைப்போல ரத்தத்தை விடாமல் தள்ளும்.

முதலில் வந்த பம்புகள் அப்படியல்ல, இதயத்தைப் போலவே துடித்தன. வினையும் அதில்தான் இருந்தது: ஓயாமல் அசைந்த பாகங்கள் தேய்ந்தன. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மிக முற்றிய இதயச் செயலிழப்பு நோயாளிகள் 129 பேர் பங்கேற்றனர். மருந்தை மட்டும் நம்பியவர்களில் ஓராண்டைத் தாண்டியவர்கள் 25 சதவீதம். பம்ப் பெற்றவர்களில் 52. இரண்டாம் ஆண்டில் அது 8, 23 என்று சரிந்தது. உயிர் காத்த கருவிதான், ஆனால் கொண்டாட முடியவில்லை.

சுழலும் 'ஹார்ட்மேட் 2' வந்தபின், 2009 ஆய்வில் இரண்டாண்டைக் கடந்தவர்கள் 58 சதவீதம். அடுத்து வந்த 'ஹார்ட்மேட் 3'இல் சுழலி எதையும் உரசாமல் காந்த விசையில் அந்தரத்தில் மிதக்கிறது. அதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய அதே 58 சதவீதத்தினர் ஐந்தாண்டைக் கடந்தனர். இரு ஆய்வுகளின் நோயாளிகளும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்றாலும், இது சிறிய தாவல் இல்லை.

விலையும் உண்டு. பெரும்பாலான பம்புகளில் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் கம்பி, கிருமிகளுக்குத் திறந்த வாசல். நீச்சல் கூடாது. பம்ப் இடது பக்கத்துக்கு மட்டுமே கைகொடுக்கும். வலது பக்கம் சோர்ந்தால் பழைய மூச்சுத்திணறலும் வீக்கமும் திரும்பலாம். ரத்தம் உறைந்தால் பக்கவாதம், உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் குடலில் கசிவு. இந்த இழுபறியில் ஆண்டுக்கணக்காக வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஹார்ட்மேட் 3 பொருத்திய 628 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது: ஆஸ்பிரினை விட்டவர்களுக்கு ரத்தக்கசிவு குறைந்தது, உறைதல் கூடவில்லை. புதுக் கருவி ஏதுமின்றி, ஒரு மாத்திரையைக் குறைத்ததிலேயே கிடைத்த பலன் இது.

எல்லாக் கருவிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பக்கவாதமும் உயிரிழப்பும் அதிகம் என்று தெரிந்ததால், 'ஹார்ட்வேர்' பம்பின் விற்பனையை மெட்ரானிக் நிறுவனம் 2021 ஜூனில் நிறுத்திவிட்டது.

இடுப்பில் பேட்டரியோடு ஒருவர் உங்கள் முன் மயங்கி விழுந்தால், நாடி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உடனே ஆம்புலன்சை அழையுங்கள். மார்பில் காதை வைத்துப் பாருங்கள். பம்ப் ஓடினால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் கம்பியும் பேட்டரியும் சரியாகச் செருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது.