இரண்டு முள் சொல்லும் கணக்கு

பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் முக்கியமான பயிர்கள். பல குடும்பங்கள் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே வாழ்கின்றன. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் காயில் எரிந்துவிட்டால்? புதுக் காயில் கட்டி வருவதற்குள் பயிர் வாடிவிடும்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிய முடியுமா? பல சமயம் முடியும். மோட்டார் கொட்டகையில் உள்ள வோல்ட் மீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் பார்க்கத் தெரிந்தால் போதும். பெருக்கல், வகுத்தல் தெரிந்த பிள்ளைகள்கூட இந்தக் கணக்கைப் போடலாம்.

மூன்று அளவுகள்

தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் அழுத்தம் அதிகம். மின்சாரத்தின் அழுத்தத்தை வோல்ட் என்ற அளவால் சொல்கிறோம். கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைச் சொல்வது ஆம்பியர். குழாய் குறுகினால் தண்ணீர் தடைப்படும் அல்லவா? மின்சாரத்துக்கும் அப்படித் தடை உண்டு. அதன் அளவு ஓம்.

ஜார்ஜ் ஓம் என்பவர் ஜெர்மனியில் ஆசிரியராக இருந்தவர். இந்த மூன்றின் உறவை 1827-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை தெரியும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி தெரியும். சக்தியின் அளவு வாட்.

வீட்டு இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஓம். பெருக்கினால் 1,150 வாட். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட்.

அழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால்? 180-ஐ 46-ஆல் வகுத்தால் சுமார் 3.9 ஆம்பியர். சக்தியும் சுமார் 704 வாட்டாக இறங்கிவிடும். பெட்டி சூடேறத் தாமதமாகும். வேறு கெடுதல் இல்லை.

மோட்டார் கதை வேறு

மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். வோல்ட் குறைந்தால், அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியர் இழுக்கும். அங்கேதான் ஆபத்து!

கம்பியில் உண்டாகும் சூட்டை அறிய, ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையாலும் பெருக்க வேண்டும். 10 ஆம்பியர் 12 ஆனால், 100 என்பது 144 ஆகிறது. ஓட்டம் கொஞ்சம் ஏறினாலும் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! காயில் கருகுவது இதனால்தான்.

அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளில் சுண்ணாம்புக்கல்லை அரைக்கும் ராட்சத மோட்டார்களுக்கும் சட்டம் இதுவே. மின்சாரத்தை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புவதும் இதற்காகவே. 11,000 வாட் சக்தியை 220 வோல்ட்டில் அனுப்பினால் 50 ஆம்பியர் ஓடும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். அதே கம்பியில் சூடு 2,500-ல் ஒரு பங்குதான். வயலோரத்து டிரான்ஸ்பார்மர் அந்த அழுத்தத்தைக் குறைத்து நமக்குத் தருகிறது.

செய்ய வேண்டியது என்ன?

மோட்டாரின் தகட்டில் அதற்குரிய ஆம்பியர் எழுதியிருக்கும். அதைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மோட்டார் கிளம்பும்போது முள் தாவுவது இயல்பு. பிறகும் அந்த அளவைத் தாண்டியே நின்றால் உடனே நிறுத்துங்கள். நீங்களே கம்பியைத் தொடாமல், தொழில் தெரிந்தவரை அழையுங்கள். நிறுத்திய ஒரு மணி நேரத்தில் பயிர் வாடாது. காயில் எரிந்தால் வாடும்.